எங்கடீன் ஏரிகளில் அக்டோபர் நடை: எந்த வழி, எந்தத் தேதி, யாருக்கு?

சிங்கப்பூரில் நடக்கக் கிளம்பினால் முதலில் நிழலைத்தான் தேடுவோம். மெக்ரிட்சியில் காலை ஏழு மணிக்கே இறங்குவதும், பழைய ரயில் தடத்தில் மரம் கவிந்த பகுதியாகப் பார்த்துப் போவதும் அதற்காகத்தான். அக்டோபரில் ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறவர்கள் இந்தப் பழக்கத்தை அப்படியே திருப்பிப் போட வேண்டும். மலையின் எந்தப் பக்கம் வெயில் படுகிறது, எத்தனை மணிக்குப் படுகிறது என்பதைப் பார்த்துத்தான் அங்கே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தூரமும் ஏற்றமும் அதற்கு அடுத்துத்தான். ஒரே ஏரியின் வடகரையில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நடக்கும் அதே நேரத்தில், தென்கரையில் மரப்பலகைப் பாலத்தின்மேல் உறைபனி கண்ணாடிபோல் படிந்திருக்கும்.

இங்கே ஒப்பிடப்படுபவை சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில், மேல் எங்கடீன் பள்ளத்தாக்கிலுள்ள ஐந்து வழிகள். நம்மவர்கள் பெரும்பாலும் லூசர்னும் இன்டர்லாக்கனும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோடைக்கு அது போதும். இலையுதிர் நிறத்துக்காகவே போவதென்றால் எங்கடீனுக்குத்தான் போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம் லார்ச் மரம். சுவிட்சர்லாந்தில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரங்களில் குளிர்காலத்துக்கு முன் ஊசிகளை உதிர்ப்பது லார்ச் ஒன்றுதான். உதிர்ப்பதற்கு முன் மரம் முழுக்க மஞ்சள் ஏறி, பிறகு பொன்னிறமாகும். பக்கத்திலேயே நிற்கும் அரோலா பைன் கரும்பச்சையாகவே இருக்கும். இரண்டும் கலந்த காடு, நடுவில் ஏரி, மேலே புதுப்பனி. இந்தச் சேர்க்கை லூசர்ன் பக்கம் இப்படிக் கிடைக்காது.

பள்ளத்தாக்கின் தரையே 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில்ஸ் ஏரி 1,797 மீட்டரில். எங்கடீன் ஏரிகளில் இதுதான் பெரியது, 4.1 சதுர கிலோமீட்டர். அடுத்து சில்வாபிளானா ஏரி, கடைசியில் 1,768 மீட்டரில் செயின்ட் மோரிட்ஸ் ஏரி. சூரிக்கிலிருந்து கூர் வரை ஒரு ரயில், கூரிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்கு இரண்டு மணி நேர மலை ரயில். இந்த ஆல்புலா பாதை 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சாங்கியிலிருந்து நேரடி விமானத்தில் 13 மணி நேரம், பிறகு ஏறத்தாழ நான்கு மணி நேர ரயில். அன்றைக்கு எந்த மலைக்கும் போகத் திட்டமிட வேண்டாம்.

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

லார்ச் மேலிருந்து கீழே நிறம் மாறும். செப்டம்பர் கடைசியில் 2,200 மீட்டரை ஒட்டிய மரங்கள் மஞ்சளாகும். ஏரிக்கரை மரங்கள் பொன்னாக அக்டோபர் இரண்டாம், மூன்றாம் வாரம் ஆகும். கடுங்காற்றோடு ஒரு பனிப்பொழிவு வந்தால் இரண்டே நாளில் ஊசிகள் கொட்டிவிடும். ஆகவே அக்டோபர் 5 முதல் 20 வரை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஆண்டுகளில் ஏமாற்றம் இராது.

சிக்கல் என்னவென்றால் இந்த இரண்டு வாரமும் நம் பள்ளி நாள்கள். செப்டம்பர் விடுமுறை ஒரு வாரம்தான், அதுவும் மாத முதற்பாதியில். அப்போது லார்ச் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாக் கேபிள் கார்களும் ஓடும், சில்ஸ் ஏரிப் படகு ஓடும், பாதைகள் காய்ந்திருக்கும், மலைச்சரிவில் புல்லும் அவுரிநெல்லிப் புதரும் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் செப்டம்பரில் போவதே சரி. பொன்னிறம் கிடைக்காது, ஆனால் எந்த வழியும் அடைபட்டிருக்காது. அந்த மாதம் கிராவ்புண்டன் மாநிலத்தில் வேட்டைப் பருவம். காட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பதற வேண்டியதில்லை. குறிபோட்ட பாதையை விட்டு விலகாமல், பளிச்சென்ற நிறத்தில் மேலாடை போட்டுக்கொண்டு நடந்தால் போதும்.

ஆண்டிறுதி விடுமுறையை இந்தப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளவே கூடாது. நவம்பர் கடைசியில் லார்ச் மொட்டையாக நிற்கும், உயரப் பாதைகள் பனிக்குள் போயிருக்கும், விடுதிகள் பாதி மூடியிருக்கும்.

தீபாவளியையும் சேர்த்துப் பாருங்கள். 2025இல் அது அக்டோபர் 20. அப்படி வரும் ஆண்டில் பொன்னிற வாரமும் பண்டிகையும் மோதிக்கொள்ளும். நவம்பரில் தீபாவளி வரும் ஆண்டுகளில் நடந்து முடித்து, திரும்பி வந்து, தேக்காவில் சாமான் வாங்கவும் நேரம் இருக்கும். பெரியவர்களை அழைத்துப் போக அந்த ஆண்டுகளே தோது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம்.

தென்கரை: மலோயா, இஸோலா, சில்ஸ்

சில்ஸ் ஏரியின் ஒரு முனையிலுள்ள மலோயாவுக்கும் மறுமுனையிலுள்ள சில்ஸ் ஊருக்கும் நடுவே, இஸோலா என்ற சிற்றூர் வழியாக, ஏரிக்கரை ஓரமாகவே ஏறத்தாழ 7 கிலோமீட்டர். வழிகாட்டிப் பலகை இரண்டு மணி நேரம் என்று சொல்லும். சுவிஸ் மஞ்சள் பலகைகளில் எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வும் படம் எடுப்பதும் சேராது; மலை நடைக்குப் பழகியவர் இடைவிடாமல் நடக்கும் நேரம் அது. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்வது நல்லது. இரண்டு மணி என்றால் மூன்று மணி.

ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலோர் முதல் நாளே இதில் இறங்குவார்கள். ஆனால் இந்தக் கரை வடக்கு நோக்கியது; பின்னால் 3,159 மீட்டர் உயர மார்க்னா மலை நிற்கிறது. காலையில் வெயில் வர நேரமாகும். இஸோலாவுக்கும் சில்ஸுக்கும் இடையே பாதை ஒடுங்கி, வேர்களும் கல்லுமாக நீரோரம் போகும் இடங்கள் உண்டு. அங்கே ஈரமான லார்ச் ஊசிகள் மெத்தைபோல் குவிந்திருக்கும். அந்த மெத்தைக்கு அடியில் வேர் இருக்கிறதா, உறைந்த சேறு இருக்கிறதா என்று தெரியாது. தட்டையான வழி என்று அலட்சியமாக நடக்கிறவர்கள் கணுக்காலைத் திருப்பிக்கொள்வது இப்படிப்பட்ட இடத்தில்தான். அக்டோபரில் பதினொன்றரைக்கு முன் தொடங்க வேண்டாம். குழந்தை வண்டி இங்கே உதவாது.

திசையும் முக்கியம். மலோயாவிலிருந்து சில்ஸ் பக்கமாக நடங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பகலில் மலோயா காற்று என்று ஒன்று கிளம்பும். மற்ற பள்ளத்தாக்குகளில் பகல்காற்று கீழிருந்து மேலே ஏறும். இங்கே அது மலோயா கணவாயைத் தாண்டி வந்து பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கமாக வீசும். சில்வாபிளானா ஏரியில் பாய்மரப் பலகைக்காரர்கள் கூடுவது அதனால்தான். இலையுதிர்காலத்தில் அதன் வேகம் குறைந்தாலும் முகத்தில் அடித்தால் மூன்று மணி நேர நடை அலுத்துவிடும், முதுகில் பட்டால் தெரியவே தெரியாது. காலையில் சில்ஸில் பேருந்து ஏறி மலோயா போய்விட்டால், நடை முடியும் இடம் உங்கள் விடுதி வாசலாகவே இருக்கும். ஏரியில் மலையின் பிம்பம் தெளிவாக விழ வேண்டும் என்றால் காற்று எழும் முன் படம் எடுத்துவிட வேண்டும். சில்ஸ் ஏரிக்குள் நீண்டிருக்கும் சாஸ்டே தீபகற்பம் அதற்கு ஏற்ற இடம். ஊரிலிருந்து கால்மணி நடைதான். 1880களில் பல கோடைகளைச் சில்ஸ் மரியாவில் கழித்த தத்துவஞானி நீட்சே விரும்பி நடந்த இடம் அது. அவர் தங்கிய வீடு இப்போது அருங்காட்சியகம்.

படகு செப்டம்பர் கடைசியோடு நின்றுவிடும். நடுவில் களைத்தால் படகில் திரும்பலாம் என்று அக்டோபரில் கணக்குப் போடாதீர்கள். இஸோலாவிலிருந்து நடந்துதான் வெளியே வர முடியும்.

வடகரை மேல்வழி: மலோயா, பிளாங்கா, கிரேவாசால்வாஸ், சில்ஸ்

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, குழுவில் சாதாரணமாக நடக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்றால் எங்கள் தேர்வு இது. மலோயாவிலிருந்து காட்டுக்குள் ஏறி, 2,000 மீட்டரை ஒட்டிய பிளாங்கா என்ற குடியிருப்பைத் தொட்டு, கல்கூரை வேய்ந்த வீடுகள் கொண்ட கிரேவாசால்வாஸ் வழியாகச் சில்ஸ் ஊரின் ஒரு பகுதியான சில்ஸ் பசெல்ஜியாவுக்கு இறங்கும் வழி. ஏறத்தாழ 8 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 300 மீட்டர் அளவு, பலகைக் கணக்கில் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு.

இதைச் சொல்வதற்குக் காரணங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சரிவு தெற்கு நோக்கியது, காலை ஒன்பதரைக்கெல்லாம் இதமான வெயில். முதல் நாள் இரவு பெய்த மெல்லிய பனிகூட இங்கே மதியத்துக்குள் உருகிவிடும். கேபிள் காரை நம்பிய வழி இல்லை என்பதால் அது மூடும் தேதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பொன்னிறக் காட்டுக்குள் நடக்கும்போது காடு முழுசாகக் கண்ணில் படாது. இங்கிருந்து பார்த்தால் ஏரிக்கு அப்பால் தென்கரைக் காடு மொத்தமும் எதிரே விரிந்து கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதியில் இறங்கிவிட வழி இருக்கிறது. கிரேவாசால்வாஸிலிருந்து அரைமணி இறங்கினால் பிளவுன் ட லேய் பேருந்து நிறுத்தம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பிள்ளைக்குச் சிணுங்கல் என்றால் குழுவைப் பிரித்து, ஒருவர் துணையோடு அங்கே இறக்கி அனுப்பிவிட்டு மற்றவர்கள் தொடரலாம். மற்ற நான்கு வழிகளில் இந்த வசதி இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

குறை என்றால் தொடக்க ஏற்றம். மலோயாவில் பேருந்தை விட்டு இறங்கிய கையோடு மூச்சு வாங்க வைக்கும். கடல் மட்டத்திலிருந்து நேரே 1,800 மீட்டருக்கு வந்தவர்களுக்கு முதல் இரண்டு நாள் இது சகஜம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். கிரேவாசால்வாஸைத் தாண்டி சில்ஸ் பக்கம் இறங்கும்போது சில இடங்களில் சரிவு கொஞ்சம் செங்குத்து, சரளை வழுக்கும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கைப்பிடித்துச் சமாளிப்பார்கள்.

முராய்ல் மேட்டிலிருந்து லங்குவார்ட் வரை

செயின்ட் மோரிட்ஸுக்கு அருகே, சமேடான், பொன்ட்ரெசினா என்ற ஊர்களுக்கு நடுவே முவோட்டாஸ் முராய்ல் என்ற மேடு. 1907 முதல் ஓடும் கயிற்று ரயில் உங்களை 2,450 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். ஏரிகள் வரிசையாகக் கீழே தெரியும் காட்சி எங்கடீனில் இங்கிருந்துதான் மிகச் சிறப்பாக இருக்கும். அங்கிருந்து சரிவின் குறுக்காக 7 கிலோமீட்டர் நடந்தால் 2,330 மீட்டரில் ஆல்ப் லங்குவார்ட். அங்கிருந்து நாற்காலித் தூக்கியில் பொன்ட்ரெசினாவுக்கு இறங்கலாம். இரண்டரை மணி நேரப் பலகைக் கணக்கு. நெடுந்தூரம் மெல்ல ஏறி இறங்கும், கடும் ஏற்றம் எங்கும் இல்லை.

சரிவு மேற்கும் தென்மேற்கும் நோக்கியது, ஆகவே வெயில் பின்பகலில்தான் நன்றாகப் படும். காலை பத்தரைக்குக் கயிற்று ரயில் ஏறுவது பொருத்தம். லார்ச் எல்லைக்கு மேலே நடப்பதால் பொன்னிறம் காலடியில் தாழ்வாகத் தெரியுமே தவிர, அதற்குள் நீங்கள் இருக்க மாட்டீர்கள். சிலருக்கு அது குறையாகப்படும். எதிரே பெர்னினா மலைத்தொடர் முழுதாக நிற்பதால் எங்களுக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

மூடும் தேதிகளைக் கவனியுங்கள். மேலே போகும் கயிற்று ரயிலும் கீழே வரும் நாற்காலித் தூக்கியும் வெவ்வேறு நாளில் பருவத்தை முடிக்கும். ஏறுவதற்கு வழி இருந்து, இறங்குவதற்கு இல்லாமல் போனால் லங்குவார்டிலிருந்து பொன்ட்ரெசினாவரை இன்னும் 500 மீட்டர் உயரத்தை நடந்தே இறங்க வேண்டும். முழங்கால் அதற்குத் தயாராக இல்லாத ஒருவர் குழுவில் இருந்தால் வந்த வழியே திரும்பி, கயிற்று ரயிலிலேயே இறங்குவது மேல். பாதையில் நடுவே சாஃப்பெர்க் உச்சிக்குக் கிளை பிரியும். 2,731 மீட்டரில் இருக்கும் செகந்தீனி குடிலுக்கு அதுதான் வழி. ஓவியர் ஜோவன்னி செகந்தீனி 1899இல் இறந்த இடம். அந்தக் கிளை செங்குத்து. பனி கிடந்தால் தொட வேண்டாம்.

சுர்லேய் கணவாயும் ரோசெக் பள்ளத்தாக்கும்

ஐந்தில் அழகானது இதுதான். அக்டோபரில் மிக எளிதாகத் தவறிப்போவதும் இதுதான். கோர்வாட்ச் கேபிள் காரில் 2,700 மீட்டரிலுள்ள முர்டேல் நடுநிலையம். அங்கிருந்து கற்பாறைப் பாதையில் முக்கால் மணி நடந்தால் 2,755 மீட்டரில் சுர்லேய் கணவாய். கணவாயில் ஒரு சிறு குளம், அதற்கு நேரெதிரே 4,049 மீட்டர் பிட்ஸ் பெர்னினா. கிழக்கு ஆல்ப்ஸில் 4,000 மீட்டரைத் தாண்டும் சிகரம் அது ஒன்றே. பிறகு ரோசெக் பள்ளத்தாக்கின் 2,000 மீட்டர் தரைக்கு இறக்கம், அங்கிருந்து லார்ச்சும் பைனும் கலந்த காட்டோடு 7 கிலோமீட்டர் மெல்ல இறங்கும் வழியில் பொன்ட்ரெசினா. மொத்தம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர், பலகைக் கணக்கில் நான்கரை மணிக்கு மேல். நமக்கு ஆறரை, ஏழு மணி.

ஏற்றம் அதிகமில்லை என்பதால் எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். 950 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். புக்கிட் தீமாவின் உயரமே 163 மீட்டர். அதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழகாத தசை இரண்டு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும். விழுகிறவர்கள் பெரும்பாலும் இறக்கத்தின் கடைசிப் பகுதியில் விழுவது அதனால்தான். நடைக்கோல்கள் இரண்டு அவசியம். இறக்கத்தில் வழக்கத்தைவிட 5 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு வீவக அடுக்குமாடி புளோக் படிக்கட்டு போதும். மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால் 12 மாடி ஏறத்தாழ 34 மீட்டர். ஒன்பது முறை ஏறி இறங்கினால் 300 மீட்டர். ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குவது நம் ஆள்களின் வழக்கம். இந்த வழிக்கு அதைத் தலைகீழாகச் செய்யுங்கள், மின்தூக்கியில் ஏறி நடந்து இறங்குங்கள். வாரம் மூன்று நாள், ஆறு வாரம்.

முர்டேலுக்கும் கணவாய்க்கும் இடைப்பட்ட பகுதி வடமேற்குச் சரிவு. அங்கே விழுந்த பனி நாள்கணக்கில் உருகாது. பாறை இடுக்குகளை மூடிக்கொண்டு கால் எங்கே பதியும் என்று தெரியாமல் செய்துவிடும். கணவாயைத் தாண்டினால் கிழக்குச் சரிவு, காலை வெயில் நேரே விழும். ஆகவே மேலிருந்து தொடங்குகிறவர்கள் முதல் கேபிள் காரிலேயே போய்விட வேண்டும். பின்பகலில் ரோசெக் தரையில் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். ரோசெக் விடுதியிலிருந்து பொன்ட்ரெசினாவுக்குக் குதிரை வண்டி உண்டு, ஆனால் விடுதி பருவத்தை முடித்துவிட்டால் அதையும் நம்ப முடியாது.

செப்டம்பரில் போகிற, நன்றாக நடக்கக்கூடிய இருவர் மூவருக்கு இதையே முதலில் சொல்வோம். அக்டோபர் பத்தாம் தேதிக்குப் பிறகு, கேபிள் கார் ஓடுகிறது, கணவாய்ப் பாதையில் பனி இல்லை என்று நிலையத்தில் கேட்டு உறுதி செய்த பிறகு மட்டும். கேபிள் கார் இல்லாத நாளில் ரோசெக் பள்ளத்தாக்குக்குப் பொன்ட்ரெசினாவிலிருந்து போய்த் திரும்புவதும் நல்ல நடைதான்; நிறம் அங்கேதான் இருக்கிறது.

லுங்கின், மூன்று கடல்களின் கூரை

மலோயாவிலிருந்து 670 மீட்டர் ஏறினால் 2,484 மீட்டரில் லுங்கின் ஏரி, இன் நதியின் ஊற்றுக்கண். இன்னும் அரைமணி ஏறினால் 2,645 மீட்டரில் லுங்கின் கணவாய். அங்கே விழும் மழைத்துளி மூன்றாகப் பிரியலாம்: ஒரு பக்கம் விழுந்தால் இன், டான்யூப் வழியாகக் கருங்கடல், மறுபக்கம் ரைன் வழியாக வடகடல், தெற்கே போனால் போ ஆற்றின் வழியாக ஏட்ரியாட்டிக் கடல். ஐரோப்பாவில் இப்படி ஓர் இடத்தில் காலூன்றி நிற்பதற்காகவே இந்த ஏற்றத்தைச் சொல்லலாம். வெயில் படும் பக்கம், காலையிலேயே தொடங்கலாம். ஆனால் லார்ச் எல்லையைச் சீக்கிரம் தாண்டிவிடுவதால் பொன்னிறத்துக்கு இது வழியல்ல. உடல்பலம் இருக்கிறவர்களுக்கு மட்டும். அதே மலோயாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச்சேரும் காவ்லோக் ஏரி, 1,907 மீட்டர், மற்றவர்களுக்குப் போதும்.

தாத்தா பாட்டி, குழந்தை வண்டி

செயின்ட் மோரிட்ஸிலிருந்து காட்டுக்குள் ஸ்டாஸ் ஏரிவரை அகலமான சரளைப் பாதை, அரைமணி முதல் முக்கால் மணி. சுற்றிலும் லார்ச். குழந்தை வண்டி தாராளமாகப் போகும். சில்ஸ் மரியாவிலிருந்து கார்கள் நுழையாத ஃபெக்ஸ் பள்ளத்தாக்குக்குக் குதிரை வண்டி கிடைக்கும். போகும்போது வண்டி, வரும்போது நடை என்று பிரித்துக்கொண்டால் எழுபது வயதுக்காரர்களும் ஒரு முழு நாளை அனுபவிப்பார்கள்.

புறப்படும் முன் காலணியைப் பாருங்கள்

சிங்கப்பூரில் மட்டும் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலைக் காலணிகள் பலவற்றின் நடு அடிப்பகுதி பாலியூரித்தேனால் ஆனது. ஈரப்பதம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். போடாமல் அலமாரியில் வைத்திருந்தால்கூட நம் ஊர்க் காற்றில் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். வெளியே புதிதுபோல் இருக்கும், மலையில் இரண்டாவது மணி நேரத்தில் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு கழன்று தொங்கும். கட்டைவிரலால் நடு அடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ, மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, அழுத்தம் மீளாமல் குழி நின்றாலோ அந்தக் காலணியை எறிந்துவிடுங்கள். இரவல் வாங்கிய காலணிக்கும் இதே சோதனை. புதிதாக வாங்கினால் மெக்ரிட்சி சுற்றுவழி 10 கிலோமீட்டரை அதே காலுறையோடு மூன்று நான்கு முறை நடந்த பிறகே விமானம் ஏறுங்கள். பெருவிரல் முன்னால் இடிக்காத அளவு வேண்டும். அரை அளவு பெரிதாக எடுப்பது வழக்கம்.

அக்டோபர் காலையில் பூஜ்யத்துக்குக் கீழே, பின்பகல் வெயிலில் 10 டிகிரியைத் தாண்டும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வியர்வையை வைத்துக்கொண்டு நிழலில் உடம்பை விறைக்க வைக்கும். உள்ளே மெரினோ அல்லது செயற்கை இழை, நடுவில் கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத மேலாடை. ஏறத் தொடங்கும் முன்பே ஒரு அடுக்கைக் கழற்றிவிடுங்கள். கையுறை, தொப்பி, தலைவிளக்கு மூன்றும் பையில் இருக்கட்டும். அக்டோபர் நடுவில் ஆறரைக்குப் பிறகு இருட்டும். மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போவதால் அதன்பின் ஐந்தேகாலுக்கே சூரியன் மறையும்.

கட்டுச்சோறு எடுத்துப் போகலாம், ஆனால் சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோகும் பொருளில் கவனம் தேவை. இறைச்சி, பால், நெய் போன்றவற்றைச் சுவிட்சர்லாந்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தட்டை, முறுக்குக்குத் தடையில்லை. சமையலறை உள்ள வீடாக எடுத்தால் காலையில் புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம். மலைக்குடில்களில் சைவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த ஊர் பார்லி சூப்பில் பெரும்பாலும் உலர் இறைச்சி சேர்ந்திருக்கும், ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு வறுவலிலும் பன்றி இறைச்சித் துண்டு போடுவதுண்டு. கேட்ட பிறகே வாங்குங்கள். வால்நட் நிறைத்த எங்கடீன் கேக்கில் முட்டை உண்டு, இறைச்சி இல்லை.

மேல் எங்கடீன் தெற்கே இத்தாலியை நோக்கித் திறந்திருக்கும் பள்ளத்தாக்கு. தென்காற்று ஈரத்தோடு வந்தால் சூரிக்கில் வெயிலடிக்கும் நாளில் இங்கே பனி கொட்டும். சில்ஸ் என்றே போட்டு மீட்டியோசுவிஸ் வானிலைச் செயலியில் பாருங்கள். பாதை மூடல்களைச் சுவிஸ் மொபிலிட்டி வரைபடத்திலும், பேருந்தை எஸ்பிபி என்ற சுவிஸ் ரயில்வே செயலியிலும் பார்க்கலாம். பல விடுதிகள் தங்குபவர்களுக்குக் கேபிள் கார் சீட்டைக் கட்டணத்தோடு சேர்த்துத் தருகின்றன. முன்பதிவுக்கு முன் கேளுங்கள், ஒரு குடும்பத்துக்கு அது பெரிய தொகை. காப்புறுதிப் பத்திரத்தில் ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, உயர வரம்பு எவ்வளவு என்று படித்துவிடுங்கள். ரேகா விமான மீட்பு எண் 1414. கைப்பேசி எடுக்காத இடத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு.

போன பிறகு பனி பெய்துவிட்டால் திட்டத்தை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் ஸ்டாஸ், வெண்பனிமேல் பொன்னிற ஊசிகள் உதிர்ந்து கிடக்கும், விட்டுவிடாதீர்கள். மறுநாள் வெயில் வந்தால் பதினொரு மணிக்குப் பிறகு கிரேவாசால்வாஸ். தென்கரைக்கு மூன்று நாள் கழித்து, அதுவும் நடுப்பகலில். முராய்ல் மேட்டில் கயிற்று ரயில் நிலையத்தைச் சுற்றி மட்டும் நடந்து பார்த்துவிட்டு இறங்குங்கள். சுர்லேயும் லுங்கினும் அந்தப் பயணத்தில் இல்லை.